சீமைப் படிப்புக்குப் பூக்கட்டிப் பார்த்த பயணம்

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. புளியங்குடி பேருந்து நிலையத்தில் தென்காசி வண்டிக்காக நின்றோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஒரே மகள் உலகம்மாள், மூன்று பேர். தென்காசிக் கோயிலையும் குற்றாலத்து அருவியையும் பார்க்க வருகிறவர்கள் எத்தனையோ பேர். நாங்கள் ஒரு கேள்வியோடு புறப்பட்டிருந்தோம். பிள்ளை மேல்படிப்புக்கு பிரிட்டன் போகிறாள். இரண்டு ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. எந்த ஊர் என்பதைச் சாமிதான் சொல்ல வேண்டும். அன்று ராத்திரிக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். அவர்கள் ஊரில் சாயங்காலம் ஐந்து மணி என்றால் நமக்கு ஒன்பதரை.

ஒரு ஊர் லெஸ்டர். அங்கே என் பெரியம்மா மகள் ராஜேஸ்வரி அக்கா குடும்பத்தோடு இருக்கிறாள். இலத்தூரில் பிறந்து வளர்ந்தவள், கட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருசம் ஆகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே கோயில் இருக்கிறதாம், கறிவேப்பிலை கிடைக்கிறதாம். மாடியில் ஒரு அறையை ஒழித்து வைத்து, "பிள்ளைய அனுப்பு, நான் பாத்துக்கிடுதேன்" என்று போன வாரம்கூடப் போனில் சொன்னாள். இன்னொரு ஊர் பேங்கர். வேல்ஸ் பக்கம், கடலோரம், மலை அடிவாரம். அங்கே நமக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. உலகு இங்கே வேளாண்மை படித்து முடித்தவள். லெஸ்டரில் அவளுக்குக் கிடைத்திருப்பது சுற்றுச்சூழல் படிப்பு. பேங்கரில் கிடைத்திருப்பது காடு வளர்ப்பு. நான் பத்தாவதோடு நின்றவள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் இங்கிலாந்து என்றேன். "வேல்ஸ் இங்கிலாந்து இல்லம்மா, அங்கன போய் அப்படிச் சொன்னா அடிக்க வருவாவ" என்றாள்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். வாழை இலைக் கிழிசலில் வைத்து, நூல் சுற்றி, வெளியே நிறம் தெரியாமல் கட்டிச் சாமி பாதத்தில் வைத்து, சம்பந்தம் இல்லாத ஒருவரை எடுக்கச் சொல்வது. மூன்று கோயிலில் கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு கோயிலில் எந்தப் பூ வருகிறதோ அதுவே உத்தரவு. இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூக்கட்டுவது என்று முடிவு செய்த நாளிலிருந்து கடைசிப் பூ எடுக்கும்வரை வீட்டில் யாரும் தன் ஆசையை வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் சாமி வாயில் நம் வார்த்தையைத் திணித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எட்டு நாளாக எங்கள் வீட்டில் லெஸ்டர், பேங்கர் என்ற பேச்சே இல்லை. எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் மனதில் என்ன, அவள் மனதில் என்ன என்று தெரியாது.

வண்டி ஆறேகாலுக்கு வந்தது. டிக்கெட் தலைக்கு இருபத்தெட்டு ரூபாய். சொக்கம்பட்டி, கடையநல்லூர், இடைகால் என்று போகப் போக வலது பக்கம் மலை கிட்டே வருகிறது. கடையநல்லூர் தாண்டியதும் சன்னல் வழியாகச் சாரல் முகத்தில் பட்டது. அவர் எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்ததால் வழி முழுக்கப் போன்.

"ஏல, பழத்த நனைய விடாத. லாரிக்காரன் பதினோரு மணிக்கு வருவான்" என்று அவர் சத்தம் போட, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, கோயிலுக்குப் போறியளா கடைக்குப் போறியளா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஏழரை மணிக்குத் தென்காசி. பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே நுழையும்போது ஒரு காற்று வருகிறது. முதலில் எதிரே வந்து முகத்தில் அடிக்கும். நாலு எட்டு வைத்ததும் அதே காற்று பின்னால் வந்து முதுகைத் தள்ளும். சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சாரல் காலத்தில் அந்தக் காற்றில் ஈரமும் இருக்கும். உலகு இந்தக் கோயில் உலகம்மையின் பெயரைத் தாங்கியவள். கைப்பிள்ளையாக இதே கோபுரத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்தபோது மூச்சு முட்டி அழுதாள். இப்போது கண்ணை மூடி நின்று, காற்று தள்ளியதும் சிரித்தாள்.

கோயில் வாசலில் இருபது ரூபாய்க்கு இரண்டு பூவும் வாங்கினோம். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். சிவப்பு லெஸ்டர், வெள்ளை பேங்கர் என்று பூக்கட்ட முடிவு செய்த அன்றே பேசி வைத்தது. உலகம்மை சந்நிதியில் அர்ச்சகர் இரண்டையும் பாதத்தில் வைத்துத் தட்டில் திருப்பித் தந்தார். எடுக்க ஆள் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தால், பிராகாரத்தில் காவலுக்கு ஒரு பெண் போலீஸ் நின்றாள். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டார்.

"கல்யாணமா அண்ணாச்சி?"

"இல்லம்மா. படிப்பு."

"படிப்புக்கா பூக்கட்டுதிய?"

"சீமைல படிப்பு. ரெண்டு ஊரு."

அவள் என்னைப் பார்த்து, "ரெண்டும் நல்ல ஊருதானாக்கா?" என்றாள்.

"நல்ல ஊருதான். ஒண்ணுல நம்ம ஆளு இருக்கு, இன்னொண்ணுல" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தாள். செருப்பில்லாத காலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கையைத் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அம்மையைப் பார்த்துக் கும்பிட்டேன். ராஜேஸ்வரி அக்கா வீட்டு மாடி அறை, அங்கே பிள்ளைக்குச் சூடாகக் கிடைக்கிற சோறு எல்லாம் கண் முன்னால் வந்தன. உலகு பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான்.

எட்டேமுக்காலுக்கு இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து இலஞ்சிக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய் கேட்டு நூற்று இருபதுக்கு வந்தார். மூன்று, நாலு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரருக்கு நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி காதில் விழுந்துவிட்டது.

"பாப்பா லண்டனுக்கா போகுது?"

"லண்டன் இல்லண்ணே. வேற ஊரு" என்றாள் உலகு.

"அங்கன அருவி இருக்காம்மா?"

"ஒரு ஊர்ல உண்டு. மலைக்குள்ள போகணும்."

"குளிக்க விடுவானா?"

"விடுவான். நாமதான் குளிக்க மாட்டோம். வெறச்சுப் போவோம்."

அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "குளிக்க முடியாத அருவிய வச்சு என்ன செய்ய" என்றார். உலகு சிரித்தாள். எந்த ஊரில் அருவி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது ஊரைப் பற்றிய பேச்சாகிவிடும்.

இலஞ்சிக் குமாரர் கோயில் வயலும் தோப்புமாகக் குளிர்ச்சியான இடம். முகூர்த்த நாளாக இருந்தால் கூட்டம் தாங்காது. அன்றும் கல்யாணங்கள் நடந்தன. மேளச் சத்தத்தில் அர்ச்சகரிடம் நாங்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, கையைக் காட்டித்தான் புரியவைத்தோம். புதுப் பொண்ணு ஒருத்தி மாலையும் கழுத்துமாகச் சந்நிதிக்கு வந்தாள். அன்று தாலி ஏறியவள் கையைவிட நல்ல கை எங்கே கிடைக்கும். நான்தான் கேட்டேன். போட்டோ எடுக்கிறவர், "சீக்கிரம்மா, வெளிச்சம் போயிரும்" என்று அவசரப்படுத்தினார். அவள் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

அந்தப் பொண்ணு உலகுவின் காதுப் பக்கம் வந்து, "எந்த மாப்ள வந்திருக்கு, டாக்டரா?" என்று கேட்டது.

"மாப்ள இல்லக்கா. மழ பெய்யுத ஊரு" என்றாள் இவள்.

அது என்ன புரிந்துகொண்டதோ, சிரித்துக்கொண்டே போய்விட்டது. அம்மை சிவப்பு தந்தாள், முருகன் வெள்ளை தருகிறான். அவர் முகத்தைப் பார்த்தேன். எலுமிச்சை விலை பேசும்போது வைத்திருக்கும் முகம். அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

"அம்மையும் மகனும் ஒத்துப்போகலியே" என்றேன் வெளியே வந்ததும்.

"எந்த வீட்ல ஒத்துப்போகுது" என்றார். "குற்றாலநாதர் இருக்காருல்லா. அவரு சொல்லட்டும்."

குற்றாலம் பேரருவிக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றரை. இங்கே ஒரு தப்பு செய்தோம். வருகிறவர்கள் இதைச் செய்யாதீர்கள். முதலில் கோயிலுக்குப் போயிருந்தால் நடை சாத்துமுன் காரியம் முடிந்திருக்கும். குளித்துச் சுத்தமாகப் போவோம் என்று அருவிக்குப் போனோம். வெள்ளிக்கிழமை என்றாலும் சீசன் கூட்டம். பெண்கள் பக்கம் அரை மணிக்கு மேல் வரிசையில் நின்றோம். சோப்பு, ஷாம்பு கொண்டு போகாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தண்ணீருக்குள் நுழைந்ததும் தலையில் ஆயிரம் கை சேர்ந்து தட்டுகிற மாதிரி இருக்கும். கண் திறக்க முடியாது. பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதும் கேட்காது. நானும் உலகுவும் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். தாயே, பிள்ளையை என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தனியாக விட்டுவிடாதே என்று சத்தமாகவே வேண்டினேன். அங்கே யாருக்குக் கேட்கப் போகிறது. அவளும் ஏதோ கத்தினாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வெளியே வந்து தலையைத் துவட்டும்போது, "என்னட்டி கத்துன?" என்றேன். "கேக்கலல்லா, நல்லதுதான்" என்றாள்.

ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தால் கோயில் நடை சாத்தியிருந்தது. சாயங்காலம்தான் திறப்பார்கள். சைவச் சாப்பாடு நூற்று இருபது ரூபாய், பருப்பும் புளிக்குழம்பும் நன்றாக இருந்தன. சாப்பிட்டுவிட்டுச் சந்நிதித் தெருவில் கடைகளுக்கு இடையில் ஒரு படியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா கூடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கால் கிலோ மங்குஸ்தான் வாங்கி மூன்று பேரும் தின்றோம். சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப்போல ஒரு மத்தியானம் கிடைக்காது. அன்று எனக்கு ஒவ்வொரு தூறலும் கனமாக இருந்தது. ஒரு பொட்டலம், அதில் என் பிள்ளையின் ஒரு வருசம்.

நாலு மணிக்கு அவர் மீதிப் பூவை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி இரண்டு பொட்டலம் கட்டினார். மாற்றி மாற்றி உருட்டினார். கடைசியில் எது எது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. அப்படித்தான் இருக்க வேண்டும். துண்டில் வைத்து உலகுவின் மடியில் கொடுத்தார்.

அந்த நேரத்தில் கடைக் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. குற்றாலத்துக் குரங்குகளுக்கு இலைப் பொட்டலம் என்றால் சோறு என்று அர்த்தம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, நிதானமாகக் கூரை ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. அது பிரித்துப் பார்த்ததா, தூக்கி எறிந்ததா தெரியாது. மடியில் இன்னொன்று அப்படியே கட்டோடு இருந்தது.

"எடுத்தாச்சு" என்றேன் நான். "அனுமார்லா வந்து எடுத்திருக்காரு. அது கொண்டு போனதுதான் உத்தரவு."

"நீ என்ன சொல்லுத" என்றார் அவர். "வேண்டாததத்தான் சாமி அப்புறப்படுத்திருக்கு. பிள்ள மடில நிக்குல்லா, அதான் உத்தரவு."

"எடுத்ததத்தான பிரிச்சுப் பாப்போம், எடுக்காததயா பிரிப்பிய? காலைல இருந்து அப்படித்தான செஞ்சோம்?"

"காலைல மனுசன் எடுத்தான். கொரங்கு எடுத்தா கணக்கு வேற."

"கொரங்குன்னு சொல்லாதிய, வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

பழக்கார அம்மா கூடை மேல் சாக்கை இழுத்து மூடிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். "ஏக்கா, அண்ணாச்சி, கொண்டு போனதுல என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"தெரியாது" என்றோம் இருவரும்.

"மிச்சம் இருக்கதுல?"

"தெரியாது."

"தெரியாமயேதான் சண்ட போடுதியளா? நல்ல குடும்பம்தான்."

உலகு தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"யப்பா, ரெண்டு பொட்டலம் இருந்தாத்தான பூக்கட்டு? ஒண்ணு போச்சுன்னா கட்டு கலஞ்ச மாதிரிதான?"

அவர் தாடையைத் தடவினார். "ஆமா. அப்படித்தான் வரும்."

"கட்டு கலஞ்சா, இனி வாயத் தொறந்து பேசலாமா?"

அவர் கோயில் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பேசலாம்" என்றார்.

"எனக்கு பேங்கர்ப்பா. நான் காடுதான் படிக்கணும். சாமி லெஸ்டர் சொன்னா அங்கயும் சந்தோசமாத்தான் போவேன்னு நெனச்சேன். ஆனா அருவிக்குள்ள நின்னு, குற்றாலநாதரே பேங்கரக் குடுத்திருன்னுதான் கத்துனேன்."

நான் வேண்டிய அதே தண்ணீருக்குள், என் கையைப் பிடித்துக்கொண்டே அவள் வேறொன்றை வேண்டியிருக்கிறாள். எனக்கு அழுகை முட்டியது. "அங்கன நமக்கு யாரு மக்ளே இருக்கா? காய்ச்சல்னு படுத்தா ஒரு கஞ்சி வச்சுத் தர ஆள் உண்டா?"

"இப்ப யாரும் இல்லம்மா. ராஜேஸ்வரி பெரியம்மா போறப்ப லெஸ்டர்ல யாரு இருந்தா? நான் போன பிறகு பேங்கர்ல நான் இருப்பேன்லா. நாளைக்கு நம்ம பக்கத்துப் பிள்ள ஒண்ணு அங்கன போனா, அதுக்கு ஒரு அக்கா இருப்பா."

"எனக்கும் பேங்கர்தான். எட்டு நாளா வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். புள்ள ஆசப்பட்டதப் படிக்கட்டும்னு" என்றார். பிறகு எனக்குக் கேட்காத மாதிரி மெதுவாக, "பயமாத்தான் இருக்கு" என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குப் பாரம் குறைந்தது. நான் ஒருத்திதான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். அம்மை சிவப்பு தந்தது, முருகன் வெள்ளை தந்தது, இங்கே குரங்கு வந்து கட்டைக் கலைத்தது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சாமிகளுக்குள் ஒரு சண்டையும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அவர்களிடம் போய் நின்றோம். அவர்கள் எங்களை மறுபடி எங்களிடமே அனுப்பி வைத்தார்கள். படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் இப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

"சரி, போ" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நாலரை மணிக்குமேல் நடை திறந்தார்கள். குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுக் குழல்வாய்மொழி அம்மை சந்நிதிக்குப் போனோம். மீதிப் பொட்டலத்தைத் தட்டில் வைத்ததும் அர்ச்சகர், "பூக்கட்டா? இன்னொண்ணு எங்க?" என்று கேட்டார்.

"இல்ல சாமி. இது பிரிக்கதுக்கு இல்ல, அம்மைக்குத்தான்" என்றார் அவர். அதில் என்ன நிறம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பேங்கருக்குச் சம்மதம் என்று அவள் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே போனில் பதில் அனுப்பினாள். அனுப்புமுன் என் விரலைப் பிடித்து அந்தப் பொத்தானில் வைத்தாள். அனுப்பிய பிறகு ராஜேஸ்வரி அக்காவுக்கு நானே பேசினேன். கொஞ்சம் வருத்தப்பட்டாள். பிறகு, "ரயில்ல வந்து எறங்கச் சொல்லுட்டி, லீவுக்கு இங்கதான் வரணும்" என்றாள். மாடி அறையை அப்படியே வைத்திருப்பாளாம்.

ஆறே முக்காலுக்குப் புளியங்குடி வண்டியில் மூன்று பேருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. மலை இருட்டிக்கொண்டு வந்தது, உச்சியில் மட்டும் மேகம் வெள்ளையாக நின்றது. லெஸ்டர் கோயிலையும் கடைத் தெருவையும் அக்கா அனுப்பிய படங்களில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பேங்கரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. "எங்க, அந்த ஊரக் காட்டு" என்றேன். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள்.

கடல், சாம்பல் நிற வீடுகள், அதற்குப் பின்னால் பெரிய பெரிய மலைகள். நம் மலை மாதிரி இல்லை. பச்சைப் புல்லும் பாறையுமாக மொட்டையாகக் கிடந்தன.

"காடு படிக்கப் போறேன்னு சொன்ன. ஒரு மரத்தக் காணுமே?"

"அதனாலதாம்மா அங்கன காடு படிக்காவ" என்றாள். "எல்லாத்தயும் வெட்டித் தீத்துட்டு, இப்ப திரும்ப நடுதாவ."

அவர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு எடமா? அப்ப நெறய வேல கெடக்கு" என்றார்.

சன்னல் பக்கம் சாரல் அடித்தது. அவள் கையிலிருந்த போனை என் முந்தானையால் மூடிக்கொண்டு, அந்த மொட்டை மலையை இன்னொரு முறை பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். எந்த இடத்தில் நடுவார்கள் என்று கேட்டேன். அவள் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே வந்தாள்.